நிறுவியில் வட்டே இல்லை: ஒரே கணினியில் இரண்டு வட்டுகள் இரண்டு காரணங்களால் மறைந்த நிகழ்வு

பின்னணி

கணினி ஒரு மடிக்கணினி. இன்டெல் 10ஆம் தலைமுறைச் செயலி. உள்ளே 512 ஜிபி என்விஎம்இ (பிசிஐ வழியில் இணையும் வேக வகை) எஸ்எஸ்டி ஒன்றும், 2.5 அங்குல இடத்தில் 1 டிபி சாட்டா (பழைய இணைப்பு வகை) ஹார்ட் டிஸ்க் ஒன்றும் இருந்தன. எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11, பிட்லாக்கர் என்ற குறியாக்கப் பூட்டுடன். ஹார்ட் டிஸ்க் கணினியோடு வந்ததல்ல. முன்பு வேறொரு கணினியில் இரண்டு வட்டுகளை ரெய்டு 1 ஆக (ஒரே தரவு இரண்டிலும் எழுதப்படும் அமைப்பாக) இணைத்து வைத்திருந்த ஜோடியில் ஒன்று. ஜோடி பிரிந்தபின் உரிமையாளர் அதை இங்கே பொருத்தினார். விண்டோஸில் அது திறந்தது, பழைய கோப்புகளும் தெரிந்தன. அதனால் அந்த வட்டைப் பற்றி யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

தேவை எளிமையானது. விண்டோஸைக் கலைக்காமல் எஸ்எஸ்டியில் 120 ஜிபி ஒதுக்கி லினக்ஸ் நிறுவ வேண்டும். ஹார்ட் டிஸ்க்கை இரு இயங்குதளங்களுக்கும் பொதுக் கிடங்காக வைத்துக்கொள்ள வேண்டும். தேர்ந்தெடுத்தது உபுண்டு வழிவந்த ஒரு விநியோகம், கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 6.8. பென்டிரைவிலிருந்து லைவ் அமர்வு (நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) சிக்கலின்றித் திறந்தது. நிறுவியில் வட்டைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் வந்தபோது பட்டியலில் இருந்தது அந்தப் பென்டிரைவ் மட்டுமே.

உதவிக்கு ஒரு தொழில்நுட்பர் வருமுன் உரிமையாளரே சிலவற்றைச் செய்து பார்த்திருந்தார். பென்டிரைவை வேறு மென்பொருளால் மீண்டும் எழுதினார். இன்னொரு விநியோகத்தையும் முயன்றார். இரண்டிலும் மாற்றமில்லை. பிறகு பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) செக்யூர் பூட்டை, அதாவது கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்க விடும் காப்பை, அணைத்தார். அடுத்த முறை விண்டோஸைத் திறந்தபோது பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்டது. கடைசியாக, சாட்டா பயன்முறையை ரெய்டிலிருந்து வழக்கமான வட்டு இணைப்பு முறையான ஏஎச்சிஐக்கு மாற்றினார். விண்டோஸ் நீலத்திரையில் நின்றது. பூட் சாதனத்தை அணுக முடியவில்லை என்ற பிழை, எண் 7பி. பயந்துபோய் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டார்.

இந்தக் கடைசி முயற்சி கவனிக்கத்தக்கது. தேவையான மாற்றம் அதுவேதான். செய்த வரிசைதான் தவறு. ஏஎச்சிஐயில் இருந்த அந்தச் சில நிமிடங்களில் லைவ் அமர்வைத் திறந்து பார்த்திருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும்.

கவனித்தவை

வட்டு தெரியவில்லை என்று சொல்வது போதாது. எந்தப் படியில் தெரியவில்லை என்று கேட்க வேண்டும். பயோஸ் பார்க்கிறதா, பிசிஐ பட்டியலில் (கணினியின் உள்வழியில் இணைந்த சாதனங்களின் பட்டியலில்) வட்டை இயக்கும் கன்ட்ரோலர் இருக்கிறதா, கர்னல் அதைப் படித்து எழுதக்கூடிய வட்டுச் சாதனமாக ஏற்றுக்கொண்டதா, கர்னல் ஏற்றபின் நிறுவி மட்டும் ஒதுக்குகிறதா என்று நான்கு கேள்விகள். மேலிருந்து கீழே வந்தால், எது வரை வட்டு தெரிகிறதோ அதற்கு அடுத்த படியில்தான் கோளாறு. நிறுவியின் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நான்கும் ஒரே வெற்றுப் பட்டியலாகத்தான் தெரியும்.

பயோஸ் தகவல் பக்கத்தில் இரண்டு வட்டுகளும் மாதிரி எண்ணோடு இருந்தன. ஆகவே கேபிள், இணைப்பு, இறந்த வட்டு என்ற ஐயங்கள் விலகின. அதே பயோஸில் சாட்டா பயன்முறை என்ற வரியில் ஆப்டேன் முடுக்கத்தோடு கூடிய ஆர்எஸ்டி என்று இருந்தது. இன்டெல்லின் ரெய்டு பயன்முறைக்குத் தயாரிப்பாளர்கள் வைக்கும் பல பெயர்களில் அதுவும் ஒன்று.

லைவ் அமர்வில் டெர்மினலைத் திறந்து, பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை, ‘என்என்’ என்ற வாய்ப்புடன், இயக்கினார் தொழில்நுட்பர். அந்த வாய்ப்பு ஒவ்வொரு சாதனத்தின் வகைக் குறியீட்டையும் அடையாள எண்ணையும் சேர்த்துக் காட்டும். சேமிப்புச் சாதனங்களில் மூன்று குறியீடுகள் முக்கியம்: 0106 என்றால் ஏஎச்சிஐ சாட்டா, 0104 என்றால் ரெய்டு, 0108 என்றால் என்விஎம்இ. இங்கே 00:17.0 முகவரியில் 0104 வகையில் இன்டெல்லின் 8086:282ஏ கன்ட்ரோலர் இருந்தது. 0108 என்று ஒரு வரிகூட இல்லை. கணினிக்குள் என்விஎம்இ வட்டு இருக்கிறது, பயோஸும் அதைக் காட்டுகிறது, ஆனால் பிசிஐ பட்டியலில் அது இல்லவே இல்லை.

அடுத்து, கர்னலின் செய்திப் பதிவைக் காட்டும் டிமெஸ்ஜி. அதில் ஏஎச்சிஐ என்ற சொல்லைத் தேடியதும் காரணம் கையில் கிடைத்தது. அதே 00:17.0 முகவரியின் கீழ், இடம் மாற்றி இணைக்கப்பட்ட என்விஎம்இ சாதனம் 1 கண்டறியப்பட்டது என்று ஒரு வரி. அதைப் பயன்படுத்த பயோஸை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றவும் என்று அடுத்த வரி. கர்னல் நோயையும் மருந்தையும் எழுதியே வைத்திருந்தது. நிறுவியின் திரையில் அது வருவதில்லை என்பதால் யாரும் படிக்கவில்லை.

பின்னால் நடப்பது இதுதான். இந்தத் தலைமுறைக் கணினிகளில் ரெய்டு பயன்முறையை இயக்கினால், என்விஎம்இ வட்டு அமர்ந்திருக்கும் பிசிஐ வழியை ஃபர்ம்வேர் மறைத்துவிடும். அந்த வட்டின் ரெஜிஸ்டர்கள் சாட்டா கன்ட்ரோலரின் நினைவகப் பகுதிக்குள் ஓரிடத்தில் செருகப்படும். இன்டெல்லின் விண்டோஸ் டிரைவருக்கு அந்த இடம் தெரியும். லினக்ஸின் என்விஎம்இ டிரைவர் பிசிஐ சாதனமாக வருவதைத்தான் தேடும். சாதனமே இல்லாதபோது மாட்யூலைக் கையால் ஏற்றினாலும் பயனில்லை. இந்த ஏற்பாட்டை லினக்ஸில் ஆதரிக்க 2016லும் 2019லும் பேட்ச்கள் அனுப்பப்பட்டன. முதன்மைக் கர்னலில் அவை சேர்க்கப்படவில்லை. மறைந்த வட்டின் பிசிஐ அமைப்புப் பகுதியைத் தொட வழியில்லை என்பதால் அதை ரீசெட் செய்வதும் மின்சிக்கனமும் சரிவர நடக்காது. ஆகவே புதிய கர்னலோ வேறு விநியோகமோ இதைத் தீர்க்காது. உரிமையாளரின் இரண்டாவது முயற்சி தொடக்கத்திலிருந்தே பயனற்றது.

இத்தோடு நின்றிருந்தால் இது பலமுறை எழுதப்பட்ட கதை. ஆனால் ஹார்ட் டிஸ்க் ஏன் நிறுவியில் இல்லை என்ற கேள்வி பாக்கி இருந்தது. 282ஏ கன்ட்ரோலர் ரெய்டு பயன்முறையில் இருந்தாலும் லினக்ஸின் ஏஎச்சிஐ டிரைவர் அதை ஏற்று இயக்கும். அதில் தொங்கும் சாட்டா வட்டுகள் வழக்கம்போல் தெரிய வேண்டும். வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை எஃப் வாய்ப்புடன் இயக்கியபோது உண்மையிலேயே தெரிந்தது: எஸ்டிஏ என்ற பெயரில். ஆனால் கோப்பு முறைமை வகை என்ற நெடுவரிசையில் ஐஎஸ்டபிள்யூ ரெய்டு உறுப்பினர் என்று எழுதியிருந்தது. இன்டெல்லின் மென்பொருள் ரெய்டு வடிவத்துக்கு லினக்ஸ் தரும் பெயர் ஐஎஸ்டபிள்யூ. லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டிஏடிஎம்மின் எக்ஸாமின் வாய்ப்பும் அதே இன்டெல் குறியை உறுதிசெய்தது. டிமெஸ்ஜியில் இன்னொரு தடயம்: ஜிபிடியின் (வட்டின் பார்ட்டிஷன் அட்டவணையின்) மாற்றுத் தலைப்பு வட்டின் முடிவில் இல்லை என்ற எச்சரிக்கை. பழைய ரெய்டு தொகுதி வட்டைவிடச் சற்றுச் சிறியது. அதன் முடிவில் எழுதப்பட்ட ஜிபிடி நகல் இப்போது வட்டின் உண்மையான முடிவுக்கு முன்பே நின்றுவிட்டது.

எனவே எஸ்எஸ்டி இரண்டாவது படியில் மறைந்தது, ஹார்ட் டிஸ்க் நான்காவது படியில். ரெய்டு தொகுப்பின் உறுப்பினர் என்று குறியிட்ட வட்டைப் பல நிறுவிகள் தனி வட்டாகப் பட்டியலிடுவதில்லை. அது சரியான எச்சரிக்கைதான்; உண்மையிலேயே இயங்கும் ரெய்டில் ஒரு வட்டை மட்டும் பிரித்து எழுதினால் தொகுப்பே கெடும். இங்கே தொகுப்பு கலைந்து வெகுநாளாகிவிட்டது, குறி மட்டும் அழியாமல் இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. எஸ்எஸ்டியைத் தொடாமல் லினக்ஸை ஹார்ட் டிஸ்க்கிலேயே நிறுவலாம். பயோஸ் மாற்றம் தேவைப்படாது, ஆனால் லினக்ஸ் வேகம் குறையும், விண்டோஸ் பகுதியை அங்கிருந்து எட்டவும் முடியாது. விண்டோஸை அழித்து ஏஎச்சிஐயில் புதிதாக நிறுவலாம். சுத்தமான வழிதான், ஆனால் உரிமையாளருக்கு அந்த நிறுவலில் உள்ள மென்பொருள்கள் தேவை. மூன்றாவது, விண்டோஸை முன்கூட்டியே தயார்செய்து ஏஎச்சிஐக்கு மாற்றுவது. அதுவே தேர்வானது.

மாற்றுவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டியிருந்தது: ஆப்டேன் நினைவகம் கேஷாக (வட்டுக்கான வேக இடைச்சேமிப்பாக) இயங்குகிறதா, அல்லது எஸ்எஸ்டி உண்மையிலேயே ஏதாவது ரெய்டு தொகுதியில் இருக்கிறதா என்பது. இரண்டில் எதுவானாலும் முதலில் ஆர்எஸ்டி மென்பொருளில் அதை முறையாக நிறுத்த வேண்டும். அப்படிச் செய்யாமல் பயன்முறையை மாற்றினால் தரவின் ஒரு பகுதி கேஷிலும் மறுபகுதி வட்டிலும் சிதறி நிற்கும். இங்கே இரண்டும் இல்லை. தயாரிப்பாளர் இயல்பாக வைத்த பயன்முறை மட்டுமே.

விண்டோஸ் ஏன் 7பி பிழையில் நின்றது என்பதும் இந்த இடத்தில் முக்கியம். பயன்பாட்டில் இல்லாத சேமிப்பு டிரைவர்களை விண்டோஸ் பூட் ஆகத் தொடங்கும்போது ஏற்றாமல் ஒதுக்கி வைக்கும். ரெய்டில் இருந்தவரை இன்டெல் டிரைவர் மட்டும் ஏறியது; மைக்ரோசாஃப்டின் ஏஎச்சிஐ, என்விஎம்இ டிரைவர்கள் வட்டிலேயே இருந்தும் ஒதுக்கப்பட்டிருந்தன. சேஃப் மோடில் அந்த ஒதுக்கல் பொருந்தாது. தேவையான டிரைவர் ஏறும், ஏறியபின் பதிவேடும் திருத்தப்படும். எனவே புதிய பயன்முறையில் விண்டோஸ் காணும் முதல் பூட், சேஃப் மோடாக இருக்க வேண்டும்.

விண்டோஸில் செய்த வேலைகள் இந்த வரிசையில் நடந்தன.

1. முக்கியக் கோப்புகள் வெளி வட்டுக்கு நகலெடுக்கப்பட்டன. மேனேஜ்-பிடிஈ கட்டளையின் புரொடெக்டர்ஸ், கெட் வாய்ப்புகளால் 48 இலக்க மீட்புச் சாவி எடுக்கப்பட்டு, அதன் அடையாளத்தின் முதல் 8 எழுத்துகளோடு காகிதத்தில் எழுதி வைக்கப்பட்டது. பிட்லாக்கர் திரை சாவியைக் கேட்கும்போது அந்த அடையாளத்தைத்தான் காட்டும். பல கணினிகளின் சாவிகள் கலந்திருந்தால் எது எதற்கென்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

2. கணக்கின் கடவுச்சொல் ஒருமுறை உள்ளிட்டுச் சோதிக்கப்பட்டது. நாள்தோறும் 4 இலக்க பின் எண் மட்டும் போடுபவர்கள் கடவுச்சொல்லை மறந்திருப்பார்கள். சேஃப் மோடில் பின் எண் பெரும்பாலும் ஏற்கப்படாது.

3. வட்டு மேலாண்மைக் கருவியில் சி பகுதி 122880 எம்பி, அதாவது 120 ஜிபி, சுருக்கப்பட்டது. பிட்லாக்கர் பகுதியை லினக்ஸ் நிறுவியால் சுருக்க முடியாது. இது விண்டோஸிலிருந்தே நடக்க வேண்டும்.

4. பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்னேஷன் அணைக்கப்பட்டது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் அதோடு போய்விடும். அது இயங்கினால் விண்டோஸ் மூடியபின்னும் என்டிஎஃப்எஸ் பகுதிகள் பாதி திறந்த நிலையில் இருக்கும். பொதுக் கிடங்காகப் போகும் ஹார்ட் டிஸ்க்குக்கு அது ஆபத்து.

5. பிட்லாக்கர் பாதுகாப்பு இடைநிறுத்தப்பட்டது. இதில் ரீபூட் எண்ணிக்கை 0 என்று கொடுப்பது அவசியம். கொடுக்காவிட்டால் ஒரே ஒரு ரீபூட்டுக்குப் பின் பாதுகாப்பு தானாக மீளும். இந்த வேலைக்குப் பல ரீபூட்கள் வேண்டும். 0 என்றால் நாமே மீட்கும்வரை நிறுத்தம் தொடரும். இடைநிறுத்தம் என்பது தரவைக் குறியாக்கத்திலிருந்து விடுவிப்பதல்ல, ஆகவே நொடியில் முடியும்.

6. பிசிடிஎடிட் கட்டளையால் நடப்பு பூட் பதிவில் சேஃப்பூட் மினிமல் என்று அமைக்கப்பட்டது. இதைப் பழைய கமாண்ட் பிராம்ப்டில், நிர்வாகி உரிமையோடு செய்ய வேண்டும். பவர்ஷெல்லில் அதே வரியைப் போட்டால் நெளிவு அடைப்புக்குறிகளை அது வேறுவிதமாகப் பொருள்கொண்டு பிழை காட்டும். மேற்கோள் குறிக்குள் இட்டால்தான் ஏற்கும்.

பின்னர் கணினி நேராகப் பயோஸுக்குள் மறுதொடக்கம் செய்யப்பட்டு, சாட்டா பயன்முறை ஏஎச்சிஐக்கு மாற்றப்பட்டது. செக்யூர் பூட் ஏற்கெனவே பழையபடி இயக்கப்பட்டிருந்தது; அதைத் தொடவில்லை. விநியோகத்தின் பூட்லோடர் கையொப்பமிட்டது என்பதால் அணைக்கக் காரணமே இல்லை.

விண்டோஸ் சேஃப் மோடில் திறந்தது. எதிர்பார்த்தபடி பின் எண் ஏற்கப்படவில்லை, கடவுச்சொல் ஏற்கப்பட்டது. சாதன மேலாளரில் இன்டெல் ரெய்டு கன்ட்ரோலரின் இடத்தில் பொது ஏஎச்சிஐ கன்ட்ரோலரும் பொது என்விஎம்இ கன்ட்ரோலரும் இருந்தன. சேஃப்பூட் மதிப்பு நீக்கப்பட்டபின் வழக்கமான பூட்டும் சரியாக வந்தது. அந்த மதிப்பை நீக்க மறந்தால் ஒவ்வொரு முறையும் சேஃப் மோடே திரும்பத் திரும்ப வரும்.

ஹார்ட் டிஸ்க்கின் பழைய குறி

மீண்டும் லைவ் அமர்வு. எல்எஸ்பிசிஐயில் 00:17.0 இப்போது 0106 ஆகியிருந்தது. தனியே ஒரு 0108 வரியும் வந்திருந்தது. எல்எஸ்பிஎல்கேயில் 476.9 ஜிபிபைட் அளவில் (அதே 512 ஜிபி, 1024இன் அடுக்கில் எண்ணியது) என்விஎம்இ வட்டு, அதன் பகுதிகளோடு. நிறுவியின் பட்டியலிலும் அது வந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் அப்போதும் இல்லை. பயோஸ் மாற்றத்தோடு எல்லாம் சரியாகிவிடும் என்று உரிமையாளர் நினைத்திருந்தார். வட்டின் மேல் எழுதியிருக்கும் குறி, கன்ட்ரோலரின் பயன்முறை மாறியதால் அழியாது.

இங்கே அவசரம் பெரும் சேதம் தரும். டிடி கட்டளையால் வட்டின் முதல் சில மெகாபைட்டைச் சுழியமாக்குவது பரவலாகச் சொல்லப்படும் பரிகாரம். ஐஎஸ்டபிள்யூ குறி வட்டின் தொடக்கத்தில் இருப்பதில்லை. கடைசிக்கு முந்தைய செக்டரில், வட்டின் முடிவிலிருந்து 1024 பைட் முன்னால் இருக்கும். 1953525168 செக்டர் கொண்ட இந்த வட்டில் தொடக்கத்தை அழித்திருந்தால் பார்ட்டிஷன் அட்டவணையும் கோப்புகளுக்கான வழியும் போயிருக்கும், குறி மட்டும் அப்படியே இருந்திருக்கும். ஜிபார்ட்டெடில் புதிய பார்ட்டிஷன் அட்டவணை உருவாக்குவதும் குறியைத் தொடும் என்று நம்ப முடியாது.

தொழில்நுட்பர் செய்தது வேறு. இன்டெல் ரெய்டு 1 இல் தரவு வட்டின் 0ஆம் செக்டரிலிருந்தே தொடங்கும். அதனால் ஜோடியில் ஒன்று மட்டும் இருந்தாலும் பார்ட்டிஷன்கள் நேராகப் படிக்கக் கிடைக்கும். விண்டோஸில் அந்த வட்டு இத்தனை நாள் சாதாரணமாகத் திறந்ததற்கும் அதுதான் காரணம். ரெய்டு 0 ஆக இருந்திருந்தால் பாதிப் பட்டைகள் மற்ற வட்டில் இருக்கும். எதையும் படிக்க முடிந்திராது. முதல் பகுதி படிக்க மட்டும் என்ற நிலையில் மவுன்ட் செய்யப்பட்டு, உரிமையாளருக்குத் தேவையான கோப்புகள் வெளி வட்டுக்குப் போயின.

அதன்பின் ஸ்மார்ட்சிடிஎல் கொண்டு வட்டின் உடல்நிலை பார்க்கப்பட்டது. 5, 197, 198 ஆகிய பண்புகளின் மூல மதிப்புகள், அதாவது இடம் மாற்றிய செக்டர்கள், தீர்மானம் நிலுவையில் உள்ளவை, திருத்த முடியாதவை, மூன்றும் 0. பழைய வட்டைக் கிடங்காக்குமுன் இதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். 197 இல் ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த வட்டில் முக்கியமான எதையும் வைக்கக்கூடாது என்பது எங்கள் கருத்து.

குறியை நீக்கும் வேலை இப்படி நடந்தது. பகுதி அன்மவுன்ட் செய்யப்பட்டது. வைப்எஃப்எஸ் கட்டளை முதலில் எந்த வாய்ப்பும் இல்லாமல் எஸ்டிஏ மீது இயக்கப்பட்டது. அப்போது அது எதையும் அழிக்காது. வட்டில் உள்ள குறிகளையும் அவை இருக்கும் இடங்களையும் பட்டியலிடும். ஜிபிடி, பாதுகாப்பு எம்பிஆர், ஐஎஸ்டபிள்யூ எல்லாம் அதில் இருந்தன. ஆகவே ஏ வாய்ப்பை மட்டும் போட்டால் மூன்றும் அழியும். டி வாய்ப்பால் வகையை ஐஎஸ்டபிள்யூ ரெய்டு உறுப்பினர் என்று கட்டுப்படுத்தி, பேக்கப் வாய்ப்பையும் சேர்த்து இயக்கினார். அழிக்கப்பட்ட பைட்டுகள் ஒரு சிறு கோப்பாக ஹோம் அடைவில் விழும். லைவ் அமர்வின் ஹோம் அடைவு நினைவகத்தில் இருப்பது. மறுதொடக்கத்தில் காணாமல் போகும். அந்தக் கோப்பு உடனே வெளி வட்டுக்கு நகலெடுக்கப்பட்டது.

வட்டு பயன்பாட்டில் இருக்கிறது என்று வைப்எஃப்எஸ் மறுத்தால், புரோக் அடைவின் எம்டிஸ்டாட் கோப்பைப் பார்க்க வேண்டும். பாதி ரெய்டை லைவ் அமர்வே எம்டி127 போன்ற பெயரில் பிடித்து வைத்திருக்கலாம். எம்டிஏடிஎம்மின் ஸ்டாப் வாய்ப்பால் அதை விடுவித்த பின்னரே குறியை நீக்க முடியும். இங்கே அது தேவைப்படவில்லை.

கடைசியாக எஸ்ஜிடிஸ்க்கின் இ வாய்ப்பு ஜிபிடி நகலை வட்டின் உண்மையான முடிவுக்கு நகர்த்தியது. டிமெஸ்ஜியின் எச்சரிக்கை அதோடு நின்றது. நிறுவி மூடித் திறக்கப்பட்டது. வட்டுகளை அது தொடங்கும்போது ஒருமுறைதான் தேடும் என்பதால் பின்பக்கப் பொத்தானை நம்பக்கூடாது. பட்டியலில் இரண்டு வட்டுகளும் இருந்தன.

நிறுவலும் அதன்பின் நடந்தவையும்

நிறுவலில் சொல்ல அதிகமில்லை. காலியாக இருந்த 120 ஜிபி இடம் ஈஎக்ஸ்டி4 ரூட் பகுதியானது. ஏற்கெனவே இருந்த 260 எம்பி இஎஃப்ஐ பகுதி வடிவமைக்கப்படாமல் அப்படியே பயன்படுத்தப்பட்டது. அதை வடிவமைத்தால் விண்டோஸின் பூட்லோடர் போய்விடும்.

முதல் சிக்கல் விண்டோஸ் பக்கம் வந்தது. பிட்லாக்கர் பாதுகாப்பு மீட்கப்பட்டபின் உரிமையாளர் லினக்ஸின் பூட்லோடரான கிரப்பின் பட்டியலிலிருந்து விண்டோஸைத் திறந்தார். பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்டது. கிரப் வழியாகப் போகும்போது பூட் சங்கிலியில் இன்னொரு கையொப்பமும் அளவிடப்படுகிறது. டிபிஎம் (பிட்லாக்கர் சாவியைக் காக்கும் சில்லு) வைத்திருக்கும் மதிப்போடு அது பொருந்துவதில்லை. காகிதத்தில் எழுதிய சாவி பயன்பட்டது. அதன்பின் விண்டோஸைப் பயோஸின் பூட் பட்டியலிலிருந்து மட்டும் திறப்பது என்று வைத்துக்கொண்டார்கள். சாவி கேட்பது நின்றது.

இரண்டாவது சிக்கல் சில வாரங்கள் கழித்து. தயாரிப்பாளரின் பயோஸ் புதுப்பிப்பு ஒன்று அமைப்புகளை இயல்புநிலைக்குத் திருப்பியது. சாட்டா பயன்முறை சத்தமின்றி மறுபடி ரெய்டு ஆனது. லினக்ஸ், ரூட் பகுதியின் யுயுஐடி (அடையாள எண்) இல்லை என்று அறிவித்து இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் (தொடக்க நிலைக் கட்டளைத் திரையில்) நின்றது. விண்டோஸ் பழைய நீலத்திரைக்கே போனது. இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்ததால் எஸ்எஸ்டி செத்துவிட்டது என்றே உரிமையாளர் முடிவுகட்டினார். பயோஸில் ஒரு வரியை மாற்றியதும் இரண்டும் திரும்பின. எந்தத் தரவும் போகவில்லை. இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லிலும் டிமெஸ்ஜி இயங்கும். அதே இரண்டு வரிகள் அங்கும் இருந்தன.

அடுத்த முறை மாற்றிச் செய்பவை

நிறுவியில் வட்டு இல்லை என்று யார் கேட்டாலும், பென்டிரைவை மறுபடி எழுதச் சொல்லுமுன் எல்எஸ்பிசிஐ, டிமெஸ்ஜி, எல்எஸ்பிஎல்கே மூன்றின் வெளியீட்டையும் வாங்க வேண்டும். லைவ் அமர்வு திறக்கிறது என்றால் பென்டிரைவ் நன்றாகவே இருக்கிறது.

இரண்டு வட்டுகள் காணாமல் போனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே நான்கு படிகளிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த நிகழ்வில் ஹார்ட் டிஸ்க்கின் குறி முதல் நாளே எல்எஸ்பிஎல்கேயில் தெரிந்தது. உரிமையாளருக்கு அதை அப்போதே விளக்கியிருந்தால் பயோஸ் மாற்றத்துக்குப் பின் வந்த ஏமாற்றம் இருந்திராது.

பயோஸ் புதுப்பிப்பு பயன்முறையைத் திருப்பிவிடும் என்பதை ஒப்படைக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். இப்போது மீட்புச் சாவி எழுதிய அதே காகிதத்தில் சாட்டா பயன்முறை ஏஎச்சிஐ என்ற வரியும் இருக்கிறது. பிட்லாக்கர் பாதுகாப்பை மீட்பதும், அன்றாடம் எந்த வழியில் விண்டோஸைத் திறப்பது என்று முடிவான பின் செய்வது நல்லது.

வேறு கணினிகளுக்குப் பொருத்தும்போது

11ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் மடிக்கணினிகளில் இந்த மறைப்பு விஎம்டி என்ற வேறு உருவில் வருகிறது. அதற்கு லினக்ஸில் டிரைவர் உண்டு. போதுமான அளவு புதிய கர்னலில் என்விஎம்இ வட்டு 10000 என்று தொடங்கும் பிசிஐ முகவரியோடு தெரியும், பயோஸைத் தொடவே வேண்டியதில்லை. பழைய கர்னலில் தெரியாது. ஆகவே அங்கே புதிய படிமத்தை முயல்வது அர்த்தமுள்ள முதல் படி, 10ஆம் தலைமுறையில் அது வீண் வேலை. விஎம்டியை அணைக்க முடிவெடுத்தால் விண்டோஸுக்கு மேற்சொன்ன சேஃப் மோடு வரிசை அப்படியே பொருந்தும்.

பயோஸில் பயன்முறை வரியே இல்லாத மடிக்கணினிகளும் உண்டு. சிலவற்றில் முதன்மைப் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால்தான் அந்த வரி வெளிப்படும்.

சர்வர்களில் கதை வேறு. அங்கே 0104 வகையில் தெரிவது பெரும்பாலும் உண்மையான ரெய்டு அட்டை; தொகுதி உருவாக்காத வட்டுகளை அது இயங்குதளத்துக்குக் காட்டாது, முதலில் அட்டையின் சொந்த அமைப்புப் பக்கத்தில் தொகுதி உருவாக்க வேண்டும். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8இலிருந்து பல பழைய எல்எஸ்ஐ நிறுவன ரெய்டு அட்டைகளுக்கான ஆதரவு நீக்கப்பட்டதால், 7இல் ஓடிய அதே கணினியில் 8இன் நிறுவி வெற்றுப் பட்டியலைக் காட்டும். அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கான டிரைவர் வட்டுப் படிமத்தை நிறுவியின் பூட் வரியில் கொடுத்தால் வட்டுகள் வரும்.